மின்னழுத்தமே இழுக்கிறது என்றால் ஏடிபி எதற்கு? மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் நுழைவது பற்றி இரண்டு சந்தேகம்

ஐஸ்பெட்டி:

வணக்கம். கிண்டி பக்கம் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, வெளியே இருக்கும் ஒரு புரதம் அதற்குள் நுழைகிறதா என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். வைவா நெருங்கிவிட்டது, இரண்டு விஷயம் மண்டையைக் குடைகிறது, இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

முதலாவது புத்தகச் சந்தேகம். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டிஎன்ஏ இருந்தாலும் அதிலிருந்து வருவது மனிதர்களில் 13 புரதம், ஈஸ்டில் 8 புரதம், அவ்வளவுதான். மீதி ஆயிரத்துச் சொச்சம் புரதங்கள் வெளியே சைட்டோசாலில் (செல்லின் திரவப் பகுதியில்) தயாராகி உள்ளே போக வேண்டும். இதுவரை சரி. மேட்ரிக்ஸுக்கு, அதாவது உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் அறைக்கு, போகிற புரதத்தின் முன்நுனியில் ப்ரீசீக்வென்ஸ் என்ற முகவரித் துண்டு இருக்கிறது, அதில் ஆர்ஜினினும் லைசினும் நிறைய இருப்பதால் நேர்மின்னூட்டம், உட்சவ்வின் உள்பக்கம் எதிர்மின், அதனால் உள்ளே இழுக்கப்படுகிறது என்று ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே மேட்ரிக்ஸில் இருக்கும் ஹெச்எஸ்பி70 என்ற துணைப்புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து இழுக்கிறது என்கிறார்கள். ஒன்று இழுத்தால் போதாதா? "ரெண்டுல எது இழுக்குது, சொல்லும்மா" என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள், எனக்குத் தெரியும். "இரண்டும்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு நிற்க முடியாது.

இரண்டாவது என் ஜெல். நான் பயன்படுத்துவது எஸ்யூ9-டிஎச்எஃப்ஆர், அதாவது நியூரோஸ்போரா பூஞ்சையின் ஏடிபி சிந்தேஸ் ஒன்பதாவது துணையலகின் முதல் 69 அமினோ அமிலங்களுக்குப் பின்னால் எலியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸை ஒட்டிய புரதம். ஈ.கோலியில் செய்து சுத்தம் பண்ணியது, டிஎச்எஃப்ஆர் ஆன்டிபாடி வைத்து வெஸ்டர்ன் ப்ளாட் (ஜெல்லில் ஓடிய புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காண்பது). லேன் 1 வெறும் புரதம். லேன் 2 மைட்டோகாண்ட்ரியாவோடு சேர்த்தது, மேலே ஒரு பேண்ட், ப்ரீசீக்வென்ஸ் வெட்டுப்பட்டுக் கீழே ஒரு பேண்ட். லேன் 3 அதற்கே, வெளியே நிற்கும் புரதத்தைத் தின்னும் நொதியான புரோட்டீனேஸ் கே போட்டது, கீழ் பேண்ட் மட்டும் மிச்சம், நன்றாக வந்திருக்கிறது. லேன் 4 வாலினோமைசின் போட்டு மின்னழுத்தத்தை அடித்தது, மேல் பேண்ட் மட்டும். லேன் 5 வாலினோமைசினும் புரோட்டீனேஸ் கே-யும் சேர்ந்தது, இது காலியாக இருக்க வேண்டும். ஆனால் கீழ் பேண்ட் இருக்கிற உயரத்திலேயே, கொஞ்சம் மங்கலாக, ஒரு பேண்ட் உட்கார்ந்திருக்கிறது. வாலினோமைசின் பழசு என்று ஒருவர் சொல்கிறார், மைட்டோகாண்ட்ரியா செத்துவிட்டது என்று இன்னொருவர். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

தரமணி_பெஞ்ச்:

முதல் கேள்விக்கு நான். இரண்டாவதற்கு ஜெல்காரர்கள் யாராவது வருவார்கள்.

"எது இழுக்கிறது" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதிலே வராது, "எந்த இடத்தில் எது இழுக்கிறது" என்று கேட்க வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கும்போது நுனியைக் காதுக்குள் நுழைப்பது ஒரு வேலை, நுழைந்த பிறகு மறுபக்கம் பிடித்து மீதி நூலை இழுப்பது வேறு வேலை. மின்னழுத்தம் செய்வது முதல் வேலை, ஹெச்எஸ்பி70 செய்வது இரண்டாவது.

வெளிச்சவ்விலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே புரதங்களின் நுழைவாயிலான டாம் கூட்டமைப்பு. ப்ரீசீக்வென்ஸ் ஒரு ஹெலிக்ஸாகச் சுருளும்போது ஒரு பக்கம் முழுக்க எண்ணெய்ப் பசை மாதிரியான அமினோ அமிலங்கள், எதிர்ப்பக்கம் நேர்மின்னூட்டம். எண்ணெய்ப் பக்கத்தை டாம்20 பிடிக்கிறது, மின்னூட்டப் பக்கத்தை டாம்22. பிறகு டாம்40 என்கிற பீப்பாய் வழியாக உள்ளே. இதில் கவனிக்க வேண்டியது, வெளிச்சவ்வின் குறுக்கே சொல்லும்படியான மின்னழுத்தம் கிடையாது, அங்கே போரின் துளைகள் நிறைந்திருப்பதால் சின்ன அயனிகள் இஷ்டத்துக்குப் போய்வரும். ஏடிபியும் அந்த இடத்தில் நேரடியாக எதையும் இழுப்பதில்லை. சைட்டோசாலில் இருக்கும் ஹெச்எஸ்பி70 புரதம் மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஏடிபி செலவழிக்கிறது, அது தனிக் கணக்கு.

உட்சவ்வுதான் நிஜமான தடை. அதன் குறுக்கே சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட், உள்பக்கம் எதிர்மின். மில்லிவோல்ட்தானே என்று தோன்றும். சவ்வின் தடிமன் 6 நானோமீட்டர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், மீட்டருக்குச் சுமார் 3 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வந்தாலே மின்பொறி பாயும். இந்த அளவு புலத்தில் நாலைந்து ஆர்ஜினின் உள்ள ஒரு சின்ன ஹெலிக்ஸ் வந்து நின்றால் உள்ளே போகாமல் என்ன செய்யும்.

ஆனால் போவது ப்ரீசீக்வென்ஸ் மட்டும்தான், பெரும்பாலும் 15 முதல் 50 அமினோ அமிலம் வரை நீளம் (உங்கள் எஸ்யூ9 வழக்கத்தைவிட நீளமான ஆசாமி). அதற்குப் பின்னால் வரும் முந்நூறு நானூறு அமினோ அமிலங்களில் நேர்மின்னும் இருக்கும் எதிர்மின்னும் இருக்கும். கொத்தாக ஆஸ்பார்டேட், குளுட்டமேட் வந்தால் அதே மின்னழுத்தம் வெளியே தள்ளத்தான் பார்க்கும். அங்கேதான் உட்சவ்வு வாசலின் பாகமான டிம்44-ஐப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே காத்திருக்கும் மேட்ரிக்ஸ் ஹெச்எஸ்பி70 தேவைப்படுகிறது.

இது வெறும் கதை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் மியூனிக்கில் வால்டர் நாய்பெர்ட்டும் ஷ்லேயரும் வெப்பநிலையைக் குறைத்தும், புரதத்தின் மீது ஆன்டிபாடியைக் கட்டியும் நுழைவைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படி மாட்டிய புரதத்தின் ப்ரீசீக்வென்ஸை மேட்ரிக்ஸில் இருக்கும் எம்பிபி நொதி வெட்டிவிட்டிருந்தது, அதே மூலக்கூறின் மீதி உடம்பை வெளியிலிருந்து புரோட்டியேஸால் கடிக்க முடிந்தது. ஒரே சங்கிலி ஒரே நேரத்தில் இரண்டு சவ்விலும் குத்தி நின்றது. நுனி போவதும் உடல் போவதும் வேறு வேறு கட்டம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு 1990-இல் ஹெச்எஸ்பி70 பழுதான ஈஸ்டில் பார்த்தபோதும் இதே கதைதான், நுனி உள்ளே, மீதி மாட்டிக்கொண்டது. அந்தப் புரதத்தை முன்கூட்டியே பிரித்து மடிப்பில்லாமல் கொடுத்தால் அதே பழுதான மைட்டோகாண்ட்ரியாவிலும் கடந்துபோனது.

வைவாவில் இன்னும் ஒரு படி மேலே போக ஆசை என்றால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வையுங்கள். ஏடிபியையும், அது ஒரு பாஸ்பேட்டை இழந்த பிறகு மிஞ்சும் மூலக்கூறையும் மாற்றிக்கொள்ளும் கேரியர் மாதிரியான உட்சவ்வுப் புரதங்களுக்கு வெட்டுப்படுகிற ப்ரீசீக்வென்ஸே கிடையாது. டாம்70 பிடித்துக்கொடுக்க, சவ்விடை வெளியில் டிம்9-டிம்10 ஜோடி கூட்டிக்கொண்டுபோக, டிம்22 உட்சவ்வுக்குள் செருகும். அதற்கு மின்னழுத்தம் கட்டாயம், மேட்ரிக்ஸ் ஏடிபி வேண்டவே வேண்டாம். சவ்விடை வெளியிலேயே தங்கும் சின்னப் புரதங்கள் பலவற்றுக்கு இரண்டுமே வேண்டாம், உள்ளே வந்ததும் மியா40 அவற்றின் சிஸ்டீன்களுக்கு டைசல்ஃபைடு பாலம் போட்டுவிடும், மடிந்த பிறகு திரும்பிப் போக முடியாது. போரின் மாதிரிப் பீப்பாய்ப் புரதங்கள் உள்ளே வந்து, வெளிச்சவ்வில் இருக்கும் சாம் கூட்டமைப்பால் திரும்ப வெளிச்சவ்விலேயே செருகப்படும்.

ஆகவே மேட்ரிக்ஸ் ஏடிபியை மட்டும் காலி செய்தால் மேட்ரிக்ஸ் புரதம் நிற்கும், கேரியர் போகும். மின்னழுத்தத்தை அடித்தால் இரண்டும் நிற்கும், போரினும் மியா40 வழிப் புரதமும் போய்க்கொண்டேயிருக்கும். இதைச் சொன்னால் மேடம் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ப்ளாட்_பைத்தியம்:

ஜெல்லுக்கு நான் வருகிறேன். ஐஸ்பெட்டி, உங்கள் பதில் உங்கள் லேன் 4-லேயே இருக்கிறது.

லேன் 4-இல் கீழ் பேண்ட் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் வாலினோமைசின் வேலை செய்திருக்கிறது, ப்ரீசீக்வென்ஸ் மேட்ரிக்ஸுக்குப் போகவில்லை, எம்பிபி வெட்டவில்லை. மைட்டோகாண்ட்ரியா உடைந்து எம்பிபி வெளியே கசிந்திருந்தாலும் லேன் 4-இல் கீழ் பேண்ட் தெரிந்திருக்கும். புரோட்டீனேஸ் கே போட்ட பிறகுதான் அந்த பேண்ட் பிறக்கிறது. ஆக அதை உண்டாக்கியது புரோட்டீனேஸ் கே-தான்.

காரணம் டிஎச்எஃப்ஆர். அது மடிந்துவிட்டால் கெட்டியான கட்டி, புரோட்டீனேஸ் கே அதை லேசில் தின்னாது. தொங்கிக்கொண்டிருக்கிற ப்ரீசீக்வென்ஸை மட்டும் நறுக்கிவிட்டு டிஎச்எஃப்ஆரை அப்படியே விட்டுவிடும். எம்பிபி வெட்டினால் வருகிற துண்டும் இதுவும் சில அமினோ அமில வித்தியாசம்தான், 12 சதவீத ஜெல்லில் ஒரே உயரத்தில்தான் தெரியும். உங்கள் ஆன்டிபாடியும் டிஎச்எஃப்ஆரைத்தான் பார்க்கிறது, அதனால் எல்லாமே பளிச்சென்று வரும். 1989-இல் ஹெச்எஸ்பி60 இருந்தால்தான் உள்ளே நுழைந்த புரதம் மடிகிறது என்று காட்டியபோதும் டிஎச்எஃப்ஆரின் இந்த முரட்டுத்தனத்தைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள், புரோட்டியேஸுக்குத் தப்பினால் மடிந்தது, தப்பாவிட்டால் மடியவில்லை.

செய்ய வேண்டியது: ஒரு லேன் கூடுதலாகப் போடுங்கள், ட்ரைட்டான் எக்ஸ்-100 ஊற்றி எல்லாச் சவ்வையும் கரைத்துவிட்டு அதே அளவு புரோட்டீனேஸ் கே. அங்கேயும் அந்த பேண்ட் நின்றால் அது சவ்வுக்குள் ஒளிந்திருந்த புரதம் இல்லை, வெறும் முரட்டு டிஎச்எஃப்ஆர். இந்த லேன் இல்லாமல் இம்போர்ட் (நுழைவு) ஜெல்லை யாரிடமும் காட்டவே கூடாது, முதல் கேள்வியே அதுதான் வரும். கூடவே அதே ப்ளாட்டில் டாம்70-ம் மேட்ரிக்ஸ் ஹெச்எஸ்பி70-ம் பாருங்கள். டாம்70 வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் புரோட்டீனேஸ் கே அதைத் தின்றிருக்க வேண்டும், ஹெச்எஸ்பி70 தப்பியிருக்க வேண்டும். இரண்டும் இப்படி வந்தால், மைட்டோகாண்ட்ரியா செத்துவிட்டது என்று சொன்னவரிடம் காட்டிவிடலாம்.

பேண்ட் இரண்டும் நிஜமாகவே வேறு என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 16 சதவீத ஜெல், நீளமாக ஓட்டுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம், கேட்காமலே சொல்கிறேன். வாலினோமைசின் பொட்டாசியத்தைத்தான் கடத்தும், பஃபரில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா பாருங்கள், வழக்கமான இம்போர்ட் பஃபரில் 80 மில்லிமோலார் இருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. யாராவது சிசிசிபி (மின்னழுத்தத்தை அடிக்கும் இன்னொரு பொருள்) போட்டுப் பார் என்று சொன்னால், பஃபரில் பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதம் 3 சதவீதம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள், பிஎஸ்ஏ சிசிசிபியை உறிஞ்சிக்கொள்ளும், அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

அப்புறம் இம்போர்ட் நடத்துகிற 25 டிகிரி. நம் ஊரில் மே மாதம் சாதாரண வாட்டர் பாத்தில் 25 என்று செட் பண்ணிவிட்டு நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அது சூடாக்கும், குளிர்விக்காது. மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரே 35-ஐத் தொட்டிருக்கும். தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்து, ஐஸ் கட்டி போட்டுப் போட்டுத்தான் 25-இல் நிறுத்த வேண்டும். சூடு ஏறினால் நுழைவு வேகமாகத்தான் தெரியும், ஆனால் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியா மின்னழுத்தத்தைச் சீக்கிரம் விட்டுவிடும், நேரம் பார்த்து எடுக்கிற கிராஃப் எல்லாம் வளைந்துபோகும்.

மொட்டமாடி:

இதெல்லாம் நெட் பரீட்சைக்கு வருமா பாஸ்?

தரமணி_பெஞ்ச்:

வரும். டாம், டிம், எம்பிபி, வாலினோமைசின் போட்டால் என்ன ஆகும் என்கிற அளவில் வரும். ஐஸ் கட்டி வராது.

ஐஸ்பெட்டி:

ப்ளாட்_பைத்தியம் அண்ணா, லேன் 4-ஐ நான் அந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை. ட்ரைட்டான் லேன் நாளைக்கே போடுகிறேன். தெர்மாமீட்டர் இப்போதே போய்ப் பார்த்தேன், 31 காட்டுகிறது, எங்கள் பாத்தின் டிஸ்ப்ளே 25 என்றுதான் சிரித்துக்கொண்டிருக்கிறது.

தரமணி_பெஞ்ச், ரொம்ப நன்றி, இன்னும் ஒன்று. டிஎச்எஃப்ஆர் அவ்வளவு கெட்டியான கட்டி என்றால் அது டாம்40 வழியாக எப்படித்தான் போகிறது? நான் ஈ.கோலியிலிருந்து எடுத்தது நன்றாக மடிந்த புரதம்தான், என்சைம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டேன், செய்கிறது. லேன் 3-இல் அது உள்ளே போயும் இருக்கிறது.

தாம்பரம்_வாத்தியார்:

நல்ல கேள்வி அம்மா. இந்தத் துறையே அந்தக் கேள்வியில் இருந்துதான் வளர்ந்தது, அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் காட்ஃப்ரீட் ஷாட்ஸ் என்பவரின் ஆய்வகம். 1984-இல் அங்கே ஒரு வேலை செய்தார்கள், சைட்டோக்ரோம் ஆக்சிடேஸ் நான்காவது துணையலகின் ப்ரீசீக்வென்ஸை எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எலி டிஎச்எஃப்ஆரின் தலையில் ஒட்டினார்கள். அது நேராக மேட்ரிக்ஸுக்குள் போய்விட்டது. போகிற இடம் எதுவென்று அந்த நுனி மட்டுமே சொல்லிவிடுகிறது என்பது அன்று தெரிந்தது. நீ இன்று கையில் வைத்திருக்கும் புரதம் அந்த வம்சம்தான்.

இரண்டு வருடம் கழித்து, 1986-இல், ஐலர்ஸும் ஷாட்ஸும் அதே புரதத்தோடு மெத்தோட்ரெக்ஸேட்டைச் சேர்த்தார்கள். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற அதே மருந்துதான். அது டிஎச்எஃப்ஆரின் பள்ளத்தில் போய் இறுக்கமாக உட்கார்ந்து மடிப்பைப் பூட்டிவிடும். பூட்டியதும் நுழைவு நின்றுவிட்டது. அதாவது மெத்தோட்ரெக்ஸேட் இல்லாதபோது அந்தப் புரதம் வாசலில் அவிழ்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவிழ முடியாமல் செய்தால் போக முடியவில்லை. நாலு வரியில் எழுதிவிடக்கூடிய பரிசோதனை, இதைவிடச் சுத்தமான ஒன்றை உயிர்வேதியியலில் நான் அதிகம் பார்த்ததில்லை. உன் ப்ராஜெக்டில் மெத்தோட்ரெக்ஸேட் லேன் ஒன்று கட்டாயம் வை, லேன் 3-இல் உள்ள பேண்ட் நிஜமான நுழைவு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு எச்சரிக்கை, மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால் டிஎச்எஃப்ஆர் இன்னும் முரடாகும், வெளியே மாட்டியது புரோட்டீனேஸ் கே-க்கு இன்னும் நன்றாகத் தப்பும். அதனால் அந்த லேனை ட்ரைட்டான் லேனோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

உன் எஸ்யூ9 ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால், இரண்டு சவ்வையும் சேர்த்துக் கடக்க நீட்டிப் போட்ட சங்கிலியாக 50 அமினோ அமிலம் அளவுக்கு இருந்தால் போதும். உன்னுடையது 69. டிஎச்எஃப்ஆர் இன்னும் மடிந்தபடி வெளிச்சவ்வின் வாசலில் முட்டிக்கொண்டிருக்கும்போதே நுனி மேட்ரிக்ஸுக்குள் எட்டி, ஹெச்எஸ்பி70 அதைப் பிடித்துவிடலாம். குட்டையான ப்ரீசீக்வென்ஸ் உள்ள புரதம் அந்த வசதி இல்லாமல், தானாக அவிழும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, ஹெச்எஸ்பி70 "இழுக்கிறது" என்று மேலே தம்பி அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் அந்த வார்த்தையை வைவாவில் ஜாக்கிரதையாகப் பயன்படுத்து. அது எப்படி வேலை செய்கிறது என்பதில் பெரிய சண்டையே நடந்தது. ஒரு கட்சி சொன்னது, சங்கிலி வெப்ப அசைவால் தானாகவே முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஹெச்எஸ்பி70 செய்வதெல்லாம் உள்ளே வந்த பகுதியில் கவ்விக்கொண்டு பின்னால் போகவிடாமல் தடுப்பது மட்டுமே. இன்னொரு கட்சி சொன்னது, அப்படியானால் கெட்டியாக மடிந்த பகுதியை அவிழ்ப்பது எப்படி, ஹெச்எஸ்பி70 உருமாறி நிஜமாகவே இழுத்தாக வேண்டும். 2006-இல் வேறு ஒரு யோசனை வந்தது. வாசலுக்கு மிக அருகில் சங்கிலியைக் கவ்வியிருக்கும் பருமனான ஹெச்எஸ்பி70 சவ்வில் முட்டிக்கொண்டு அசைய இடமில்லாமல் இருக்கிறது. சங்கிலி கொஞ்சம் உள்ளே வந்தால் அதற்கு அசைய இடம் கூடும். அந்த இடக் கூடுதலே, அதாவது என்ட்ரோப்பியே, உள்நோக்கிய விசையாகிவிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்த விளக்கம், இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கொடுத்துவிடுகிறது.

ஏடிபி எங்கே செலவாகிறது என்றால், ஏடிபியோடு இருக்கும்போது ஹெச்எஸ்பி70-யின் பிடி தளர்வு. பாம்18 என்ற கூட்டாளிப் புரதம் அதைத் தூண்டி ஏடிபியை உடைக்க வைத்ததும் பிடி இறுகும். எம்ஜிஇ1 என்ற இன்னொரு புரதம் வந்து ஏடிபியின் மிச்சத்தை வெளியே எடுத்தால் புது ஏடிபி ஏறி, பிடி விட்டு, அடுத்த சுற்று. "இழுக்கிறது" என்பதை இப்படி விரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, உன் புத்தகம் எந்த வருடப் பதிப்பு என்று பார். உட்சவ்வின் வாசலான டிம்23-ஐ ஒரு குழாய் மாதிரி வரைந்திருப்பார்கள், நானே கரும்பலகையில் பல வருடம் அப்படித்தான் வரைந்திருக்கிறேன். 2023-இல் நேச்சர் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் அந்தப் படத்தைக் கலைத்துவிட்டன. டிம்23-ம் டிம்17-ம் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன, தண்ணீர் நிறைந்த முழுக்குழாய் எதுவும் நடுவில் இல்லை. ஒவ்வொன்றிலும் கொழுப்பை நோக்கித் திறந்த ஒரு குழிவு, புரதம் போவது டிம்17-இன் குழிவை ஒட்டித்தான். அந்தக் குழிவின் எதிர்மின் அமினோ அமிலங்களை மாற்றினால் ஈஸ்ட் தாங்குவதில்லை, டிம்23-இல் அதே இடத்தை மாற்றினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பேர் ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு, இது எல்லா ஆபீசிலும் நடப்பதுதான்.

இரவுப்பணி:

நான் இந்தத் துறை இல்லை, சிறுநீரகப் பிரிவில் மேற்படிப்பு மருத்துவர். வாத்தியார் சார் மெத்தோட்ரெக்ஸேட் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒரு நோய் ஞாபகம் வந்தது, ஐஸ்பெட்டிக்குப் பயன்படலாம்.

சென்னையில் வெயில் ஏறினால் எங்கள் வார்டில் கல் கேஸ்களும் ஏறும், தண்ணீர் குடிக்காமல் சுற்றுவதால். அதில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கல், சாதாரணக் காரணங்கள்தான். ஆனால் சின்ன வயதிலேயே திரும்பத் திரும்ப ஆக்சலேட் கல் வந்து சிறுநீரகம் கெட்டுப்போகிற ஒரு அரிய பரம்பரை நோய் இருக்கிறது, முதல் வகை பிரைமரி ஹைப்பர்ஆக்சலூரியா. கல்லீரலில் ஏஜிடி என்கிற நொதி கிளையாக்சலேட்டை கிளைசினாக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அது ஆக்சலேட் ஆகிவிடும். மனிதர்களில் அந்த நொதி வேலை செய்யும் இடம் செல்லுக்குள் இருக்கும் வேறொரு அறையான பெராக்ஸிசோம்.

இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நொதி கெட்டே போகவில்லை, வேலை செய்கிற நிலையில்தான் இருக்கிறது, இடம் மட்டும் மாறி மைட்டோகாண்ட்ரியாவில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு இரண்டு மாற்றங்கள் சேர வேண்டும். 11-ஆவது இடத்தில் ப்ரோலினுக்குப் பதில் லூசின் வந்தால் முன்நுனி ஒரு பலவீனமான ப்ரீசீக்வென்ஸ் மாதிரி ஆகிவிடும். இது பலருக்கு இருக்கும், தனியாக நோய் எதுவும் வராது, ஏனென்றால் நொதி சட்டென்று மடிந்து இரட்டையாகச் சேர்ந்துவிடும், மடிந்ததை மைட்டோகாண்ட்ரியா எடுக்காது. பெராக்ஸிசோமுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது மடிந்ததையே எடுத்துக்கொள்ளும். அதோடு 170-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினினும் வந்துவிட்டால் மடிப்பும் இரட்டையாவதும் தாமதமாகும். அந்த இடைவெளியில் டாம்காரர்கள் பிடித்து உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். கிளையாக்சலேட் ஒரு அறையில், நொதி வேறு அறையில், கல் சிறுநீரகத்தில்.

இந்த மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. மரபணுச் சோதனை எடுத்துப் பார்ப்பதில் எங்களுக்கு இது ஒரு காரணம்.

தாம்பரம்_வாத்தியார்:

டாக்டர், இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பின் பெஞ்ச் தூங்கியிருக்காது.

ப்ளாட்_பைத்தியம்:

ஆமாம், கிட்டத்தட்ட மெத்தோட்ரெக்ஸேட் பரிசோதனையைத் தலைகீழாகச் செய்த மாதிரி. அங்கே மடிப்பைப் பூட்டினால் உள்ளே போகவில்லை, இங்கே மடிப்பு தாமதமானால் போகக் கூடாதது போய்விடுகிறது.

ஐஸ்பெட்டி:

ட்ரைட்டான் லேன் போட்டாயிற்று. பேண்ட் இருக்கிறது, லேன் 5-இல் இருந்த அதே உயரத்தில், இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே. டாம்70 புரோட்டீனேஸ் கே போட்ட லேன்களில் சுத்தமாகப் போய்விட்டது, ஹெச்எஸ்பி70 ட்ரைட்டான் இல்லாத லேன்களில் அப்படியே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா செத்துவிட்டது என்றவரிடம் காட்டினேன், "சரி சரி, வெச்சுட்டுப் போ" என்றார்.

இப்போது ஒரே கவலை, லேன் 3-இல் வருவதில் எவ்வளவு நிஜமாக உள்ளே போனது, எவ்வளவு வெளியே நறுக்கப்பட்ட டிஎச்எஃப்ஆர்? லேன் 5-இன் அளவை லேன் 3-இலிருந்து கழித்துவிடலாமா?

ப்ளாட்_பைத்தியம்:

அப்படியே கழிக்காதீர்கள். லேன் 5-இல் எதுவுமே உள்ளே போகவில்லை, அதனால் வெளியே நின்ற புரதம் லேன் 3-ஐவிட அதிகம், முரட்டுத் துண்டும் அதிகம், கழித்தால் நிஜ நுழைவைக் குறைத்துக் காட்டிவிடும். எளிய வழி, புரோட்டீனேஸ் கே போடாத லேன் 2-இல் வெட்டுப்பட்ட கீழ் பேண்டை அளந்துகொள்ளுங்கள், லேன் 4-இல் அது பூஜ்யம் என்பதால் அந்த எண்ணில் கலப்படம் இல்லை. லேன் 2-இல் வெட்டுப்பட்டும் பாதியில் மாட்டி நிற்பவை கொஞ்சம் இருக்கலாம், அது தனிப் பிரச்சினை. 16 சதவீத ஜெல்லில் இரண்டு துண்டும் பிரிந்து வந்தால் லேன் 3-ஐயே நேராக அளக்கலாம்.

புரோட்டீனேஸ் கே-யை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப்-ஐப் புதிதாகக் கலக்கிப் போடுங்கள், தண்ணீரில் நின்றால் வீணாகிவிடும். அது சரியில்லை என்றால் புரோட்டீனேஸ் கே சாம்பிள் பஃபரில் கொதிக்கிற நேரத்தில்கூடத் தின்றுகொண்டிருக்கும், டிஎச்எஃப்ஆர் அப்போது அவிழ்ந்திருக்கும், எல்லா பேண்டும் காணாமல் போய் இங்கே வந்து வேறு கேள்வி கேட்பீர்கள்.